குளோஸ் பண்ணு என்றார்கள்

புதிதாகச் சுவிட்ச் ரூமுக்குள் காலெடுத்து வைத்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே,

மின்சாரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர ஆட்கள் இருக்கிறார்கள். கேபிளும் ரிலேயும் எர்த்தும் நீங்கள் என்னைவிட நன்றாகவே படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். நான் பேசப் போவது ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி. பெரிய சொல் ஒன்றும் இல்லை. பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்தான். குளோஸ்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். இத்தனை வருட வேலையில் என் கை நடுங்கியது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கு அதை நடுங்க வைத்தது கரண்ட் இல்லை, அந்தச் சொல்.

நான் புக்கிட் செலம்பாவில் பிறந்து வளர்ந்தவள். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலாய், பள்ளியில் கொஞ்சம் ஆங்கிலம். மூன்றும் கலந்துதான் எங்கள் வாயில் வரும். மலாயில் 'தூத்தோப்' என்றால் மூடுவது. கதவை மூடுவதற்கும் அதுதான், விளக்கை அணைப்பதற்கும் அதுதான். அதனால் நம் பக்கத்து ஆங்கிலத்தில் 'குளோஸ்' என்ற சொல்லுக்கும் இரண்டு வேலை. லைட்டை குளோஸ் பண்ணு, ஃபேனை குளோஸ் பண்ணு, டிவியை குளோஸ் பண்ணிட்டுப் படு. வெளியே கிளம்பும்போது அம்மா, "எல்லாம் குளோஸ் பண்ணியாச்சா?" என்று கேட்டால் ஜன்னல், விளக்கு, அடுப்பு, தண்ணீர்க் குழாய் எல்லாமே அந்த ஒரு கேள்விக்குள் அடக்கம். எங்களுக்கு அதில் எந்தக் குழப்பமும் வந்ததில்லை.

தொழில் படிக்கப் போன இடத்தில்தான் தலை சுற்றியது. பிரேக்கர் என்பது பெரிய சுவிட்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இரண்டு உலோகத் துண்டுகள். இரண்டும் ஒன்றையொன்று தொட்டால் கரண்ட் ஓடும், விலகினால் நின்றுவிடும். தொடுவதற்கு ஆங்கிலத்தில் குளோஸ் என்கிறார்கள். விலகுவதற்கு ஓப்பன் என்கிறார்கள். அதாவது பிரேக்கரை குளோஸ் செய்தால் மெஷின் ஓடும். எங்கள் வீட்டில் குளோஸ் என்றால் நிற்கும். இங்கே குளோஸ் என்றால் ஓடும்! பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அதையே முணுமுணுத்துக்கொண்டு போவேன். பரீட்சைக்கு அது போதுமானதாக இருந்தது. வேலைக்கு அது போதாது என்று பிறகுதான் தெரிந்தது.

வேலை கிடைத்தது சுங்கைப் பட்டாணிக்கு வெளியே, ரப்பர் கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலையில். பெயர் வேண்டாம். நான் அங்கே சார்ஜ்மேன். கரண்ட் கொடுப்பதும் நிறுத்துவதும் என் பொறுப்பு. சுவிட்ச் ரூம் சாவி என் இடுப்பில்தான் தொங்கும். ஒரு பெண்ணின் இடுப்பில் அந்தச் சாவியைத் தொங்கவிட மேலே இருந்தவர்களுக்கு மனசு வர ரொம்ப நாள் ஆனது. அது தனிக் கதை. வந்த பிறகு அதை யாரும் என்னிடமிருந்து திருப்பிக் கேட்கவில்லை என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

அங்கே ஃபிட்டராக இருந்தவர் ராயப்பன். மெர்போக் ஊர்க்காரர். என்னைவிட மூத்தவர். நான் அண்ணே என்பேன், அவர் தங்கச்சி என்பார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் லத்தீன் பாட்டுப் பாடுவார். பாட்டுக் குழுவில் அடிக்குரல் முழுக்க அவருடையதுதான் என்று அவரே சொல்லிக்கொள்வார். போய்க் கேட்டேன். உண்மைதான்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு புதிய லைன் வந்தது. கையுறைகளைக் காயவைக்கும் நீளமான அடுப்பு. அதைப் பொருத்திக் கொடுக்க நியூசிலாந்திலிருந்து மார்ட்டின் என்ற எஞ்சினியர் வந்திருந்தார். முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். காரக் கறி ஊற்றிய நாசி கண்டார் சோற்றைக் கையால்தான் சாப்பிடுவேன் என்று பிடிவாதம் பிடித்து வேர்த்து ஒழுகுவார். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர். அவருடைய ஆங்கிலம் எங்களுக்கு முதலில் புரியவில்லை, எங்களுடையது அவருக்கும் புரியவில்லை. இரண்டு பக்கமும் தலையாட்டியே காலம் ஓடியது. தலையாட்டுவது எவ்வளவு ஆபத்து என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அடுப்புக்குள் சூடான காற்றைத் தள்ள பிளோவர்கள் உண்டு. பிளோவர் என்றால் ஆள் உயரத்துக்கு மேலான விசிறி. மோட்டாரில் இருந்து கனத்த பெல்ட்டுகள் போய் அதைச் சுற்றும். நாலாம் நம்பர் பிளோவர்தான் எங்களுக்குத் தலைவலி. ஓடத் தொடங்கினால் உதறும். நிறுத்தி, பெல்ட்டைச் சரிசெய்து, மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தி என்று ஒரு காலைப்பொழுது முழுக்க அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். கையுறை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் அன்று மதியம் லைனைப் பார்க்க வருவதாக இருந்தது.

மெஷினில் கை வைப்பவர், முதலில் தன் பூட்டை அந்த பிரேக்கரில் மாட்ட வேண்டும் என்பது விதி. பூட்டு தொங்கும்வரை யாராலும் கரண்ட் கொடுக்க முடியாது. வேலையை முடித்துவிட்டு அவரே வந்து தன் பூட்டை எடுத்துக்கொள்வார். ஆனால் சுவிட்ச் ரூம் கட்டடத்தின் ஒரு கோடியில், பிளோவர் மறு கோடியில், அதுவும் மாடியில் கதவு வைத்த ஓர் அறைக்குள். ஒவ்வொரு தடவையும் ராயப்பன் அண்ணன் இறங்கி வந்து பூட்டு மாட்டி, ஏறிப் போய், மறுபடி இறங்கி வந்துகொண்டிருந்தார். மேனேஜருக்குப் பொறுக்கவில்லை.

"இப்படியே பூட்டிப் பூட்டித் தொறந்தா நாளைக்குத்தான் லா முடியும். ரேடியோலயே பேசிக்குங்க," என்றார், தன் வாக்கி-டாக்கியைத் தட்டிக் காட்டி.

"பூட்டு இல்லாம வேணாம் சார்," என்றேன்.

"இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் விமலா."

கையெழுத்துப் போட்டு உத்தரவு கொடுக்கும் இடத்தில் இருப்பவர் அவர். நான் ஒரு நிபந்தனை வைத்தேன். "அப்படின்னா, ராயப்பன் அண்ணன் வாயால கேட்டாத்தான் நான் கரண்ட் கொடுப்பேன். வேற யார் சொன்னாலும் கொடுக்க மாட்டேன்." மேனேஜர் சரி என்றார். மார்ட்டினுக்கு நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கும் பூட்டு இல்லாதது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் தலையாட்டினார்.

கொஞ்ச நேரம் நன்றாகத்தான் போனது. அண்ணன் "ஓக்கே" என்பார், நான் கொடுப்பேன். மார்ட்டின் என் பக்கத்தில் நின்று மீட்டரைப் பார்த்துவிட்டு நிறுத்தச் சொல்வார், நான் நிறுத்துவேன். கடைசியாக ஓட்டியபோது பெல்ட் கிறீச்சிட்ட சத்தம் ரேடியோவிலேயே கேட்டது. மார்ட்டின் கையை உயர்த்தினார். நான் உடனே நிறுத்தினேன்.

அதற்கப்புறம் மேலே இருந்து பேச்சில்லை. அந்த நேரம் பார்த்து மேனேஜர் கையில் போனோடு உள்ளே வந்தார். "வாங்க வர்றவங்க வேன் டோல் தாண்டிருச்சாம். இங்க என்னா நிலவரம்?" என்றார்.

அவர் கேட்டு முடிக்கவில்லை, ரேடியோ கரகரத்தது. ராயப்பன் அண்ணன் குரல்தான். மார்ட்டினை அவர் 'போஸ்' என்றுதான் கூப்பிடுவார்.

"போஸ்! நம்பர் ஃபோர் குளோஸ் ஆ? குளோஸ், போஸ், குளோஸ்!"

மார்ட்டின் முகம் மலர்ந்தது. பெல்ட் சரியாகிவிட்டது, கரண்ட் கேட்கிறார் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவர் படித்த ஆங்கிலத்தில் அதற்கு வேறு அர்த்தமே கிடையாது. என் பக்கம் திரும்பி, "குளோஸ் ஃபோர், பிளீஸ், விமலா," என்றார்.

நான் வைத்த நிபந்தனை நிறைவேறிவிட்டது. ராயப்பன் அண்ணனே தன் வாயால் கேட்டுவிட்டார். எஞ்சினியரும் சொல்லிவிட்டார். என் கை பிரேக்கர் கைப்பிடிமேல் போய்விட்டது.

இங்கே கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். அண்ணன் ஆபத்தில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது என நீங்கள் நினைக்கலாம். தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான்: காலையிலிருந்து கரண்ட் வேண்டும்போதெல்லாம் அவர் "ஓக்கே" என்றுதான் சொன்னார், குளோஸ் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. இப்போது ஏன் சொல்கிறார்? அவர் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். டிவியை நிறுத்தப் பிள்ளையிடம் அவர் சொல்வதும் குளோஸ்தான். இது வீட்டு குளோஸா, சுவிட்ச் ரூம் குளோஸா? எனக்குத் தெரியவில்லை. தெரியாதபோது கை நகரக்கூடாது.

கையை எடுத்தேன்.

"என்னா விமலா, யோசனை?" என்றார் மேனேஜர். "அவரு சொல்றாரு இல்ல? குளோஸ் பண்ணு லா!"

"எந்த குளோஸ் சார்?"

"என்னா எந்த குளோஸ்? குளோஸ்னா குளோஸ்தான்!"

ரேடியோ பட்டனை அழுத்தினேன். லைன் கிடைக்கவில்லை. வாசலில் இருந்த காவலாளியும் ஆபீஸ்காரரும் வேனை எங்கே நிறுத்துவது என்று அதே லைனில் பேசிக்கொண்டிருந்தார்கள். நிழலில் விடவா, முன்னால் விடவா என்று முடியாமல் நீண்டது அந்தப் பேச்சு.

மேனேஜர் பொறுமை இழந்து கைப்பிடியை நோக்கி வந்தார். "தள்ளு, நானே பண்றேன்."

நான் தள்ளவில்லை. பிரேக்கருக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றேன். "சார், இந்த ரூம் சாவி என்கிட்ட இருக்கு. நான் கொடுத்தாத்தான் கரண்ட். கொஞ்சம் பொறுங்க."

அவரிடம் அதுவரை நான் அப்படிப் பேசியதே இல்லை. என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. மார்ட்டினுக்கு எங்கள் தமிழ் புரியவில்லை. ஆனால் நான் நின்ற நிலை புரிந்துவிட்டது. மேனேஜரின் தோளில் கை வைத்து, "வெய்ட்," என்றார்.

லைன் காலியானது. நான் தமிழில் கேட்டேன். "ராயப்பண்ணே, விமலா பேசுறேன். கரண்ட் வேணுமா, வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

பட்டனை மறுபடி அழுத்தினேன். "அண்ணே!"

"வேணாம் தங்கச்சி! வேணாம்!" கத்தினார். "பெல்ட்ல கை மாட்டிக்கிச்சு, எடுக்க முடியல. அதான் குளோஸ் குளோஸ்னு கத்துறேன் இல்ல, கேக்கலியா?"

அவருடைய வலது கை, மணிக்கட்டு வரை, பெல்ட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருந்தது. பெல்ட் சறுக்கித் திரும்பியதில் கையுறையோடு சேர்த்துக் கவ்விக்கொண்டது. இடது கையால் ரேடியோவைப் பிடித்துக்கொண்டு, மெஷின் நின்றேதான் இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ள எங்களிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் அந்த மெஷினை ஓட்டுவதா என்று இங்கே பேசிக்கொண்டிருந்தோம்.

மார்ட்டினிடம் திரும்பி முழு வாக்கியமாகச் சொன்னேன். "ஹிஸ் ஹேண்ட் இஸ் இன்சைட் தி பெல்ட். ஹி டஸ் நாட் வாண்ட் பவர்." அவர் முகத்துப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. மற்றதெல்லாம் வெளுத்துவிட்டது. மறு நிமிடம் மாடிப்படியில் ஓடிக்கொண்டிருந்தார். நான் என் சொந்தப் பூட்டை எடுத்து நாலாம் நம்பரில் மாட்டினேன். துவாரத்தில் பூட்டு நுழையவே மாட்டேன் என்றது. கை அப்போதுதான் நடுங்கத் தொடங்கியிருந்தது. மேனேஜர் மூலையில் கிடந்த கேபிள் சுருளின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

மோட்டாரைத் தளர்த்தி அண்ணன் கையை வெளியே எடுத்தார்கள். தோல் உரிந்திருந்தது, வீக்கம் இருந்தது. எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. வாங்க வந்தவர்களுக்கு ஆபீஸில் காப்பி கொடுத்து, இன்னொரு நாள் வரச் சொல்லி மேனேஜரே அனுப்பிவைத்தார். ராயப்பன் அண்ணன் மருந்து போட்டுக்கொண்டு கேன்டீனில் தே தாரேக் டீ குடித்துக்கொண்டிருந்தார். கீழே நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

நான்தான் எதிரில் உட்கார்ந்து சொன்னேன். "அண்ணே, நீங்க குளோஸ்னு சொன்னது அவருக்கு 'ஓட விடு'ன்னு கேட்டிருக்கு."

கிளாஸை மேசையில் வைத்தார். "அப்படின்னா நானே என் வாயால..." என்றார். கட்டுப்போட்ட கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை ஆபீஸில் கூட்டம். மேனேஜர் இரவெல்லாம் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. அவர் கெட்டவர் இல்லை, பயந்து போயிருந்தார். பயந்தவர்கள் முதலில் கையில் கிடைக்கும் கதவைத்தான் சாத்துவார்கள். அவர் சாத்தியது ராயப்பன் அண்ணன் கதவை.

"ராயப்பன் மேல எனக்குக் கோபம் இல்ல," என்று தொடங்கினார். "ஆனா இங்கிலீஷ் சரியா பேசத் தெரியாதவங்க கையில இனிமே ரேடியோ வேணாம். டிப்ளோமா படிச்ச பையனுங்க யாராவது பேசட்டும்."

அண்ணன் சுவரோரம் நின்றிருந்தார். தலை குனிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோவிலையே நிறைக்கும் குரல்காரர், அன்றைக்கு மூச்சு விடும் சத்தம்கூட வெளியே கேட்காமல் நின்றார். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், ஒன்னு கேக்கலாமா? நேத்து நீங்களும் என்கிட்ட குளோஸ் பண்ணு லான்னு சொன்னீங்க."

"ஆமா, கரண்ட் கொடுக்கச் சொன்னேன்."

"ராத்திரி வீட்ல லைட்ட நிறுத்தணும்னா உங்க வீட்டுக்காரம்மாகிட்ட என்னா சொல்வீங்க?"

மேனேஜர் யோசித்தார். காதோரம் சொறிந்தார். "குளோஸ் பண்ணுன்னுதான் சொல்வேன்," என்றார் மெதுவாக.

அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அறை கொஞ்சம் இளகியது. மார்ட்டின் என்ன என்று கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து நின்று பேசினார். அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

"ராயப்பன் தப்பாகப் பேசவில்லை. அவர் ஊரில் எல்லோரும் பேசுகிறபடி பேசினார். நான் என் ஊர்க் காதால் கேட்டேன். என்ன வேண்டும் என்று திருப்பிக் கேட்க வேண்டியவன் நான், கேட்கவில்லை. இன்னொன்று. எங்கள் ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் இரண்டு பக்கம் இழுக்கும். தண்ணீர் வால்வை குளோஸ் செய்தால் தண்ணீர் நிற்கும். பிரேக்கரை குளோஸ் செய்தால் கரண்ட் ஓடும். எங்கள் ஊரில் புதிதாக வேலைக்கு வரும் பையன்களும் இதில் தடுமாறுவார்கள். ஆளை மாற்ற வேண்டாம். வாக்கியத்தை மாற்றுவோம்."

நான் அதை வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொல்ல, ராயப்பன் அண்ணன் தலை மெல்ல நிமிர்ந்தது.

அங்கேயே உட்கார்ந்து பேசினோம். குளோஸ் என்ற சொல்லைத் தனியாக விடக்கூடாது. எதை என்பது பக்கத்திலேயே வர வேண்டும். குளோஸ் தி டோர். குளோஸ் தி வால்வ். கரண்ட் விஷயத்துக்கு ரேடியோவில் அந்தச் சொல்லே வேண்டாம். ஆன், ஆஃப் என்று வைத்துக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டார். மெஷின் இரைச்சலில் இரண்டும் ஒரே மாதிரிதான் காதில் விழும் என்றேன். கடைசியில் முடிவானது இப்படி: கரண்ட் வேண்டுமென்றால் 'கிவ் பவர் டு நம்பர் ஃபோர்'. வேண்டாமென்றால் 'டேக் பவர் அவே ஃப்ரம் நம்பர் ஃபோர்'. கேட்கிறவர் அதையே முழுசாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னவர் சரி என்ற பிறகுதான் கை நகரலாம். ஆங்கிலம் வராத அவசரத்தில் அவரவர் மொழியில் கத்தலாம், அதற்குத் தடையில்லை. பூட்டு? அதை நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜரே சொன்னார். "பூட்டு இல்லாம இனிமே யாரும் மெஷின்ல கை வைக்கக்கூடாது. நானே சொன்னாலும் கேக்காதீங்க."

எல்லாம் முடிந்து வெளியே வந்தோம். ராயப்பன் அண்ணன் ரேடியோவை என்னிடம் நீட்டினார்.

"எனக்கு வேணாம் தங்கச்சி. எல்லாரும் கேக்குற லைன்ல இவ்ளோ நீளமா இங்கிலீஷ் பேசணும். நடுவுல தடுமாறுனா சிரிப்பானுங்க."

"மெஷின் பக்கத்துல நிக்கிறது நீங்கதானேண்ணே? அங்க என்னா நடக்குதுன்னு வேற யாருக்குத் தெரியும்?"

"தெரியிறது வேற. சொல்றது வேற லா."

"லத்தீன்ல பாடுறீங்க. அது மட்டும் புரிஞ்சா பாடுறீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரேடியோவை மறுபடி இடுப்பில் சொருகிக்கொண்டார்.

அன்றைக்கு மதியத்திலிருந்து கேன்டீனில் எங்களுக்குப் பாடம் தொடங்கியது. வாத்தியார் என்று யாரும் இல்லை. ஒருவர் சொல்வார், எதிரில் இருப்பவர் திருப்பிச் சொல்வார். மார்ட்டின் வந்து உட்கார்ந்து, அவர் வாயில் பாதியை விழுங்கிவிடும் சொற்களை எங்களுக்காக முழுசாக உச்சரிக்கப் பழகினார். அவருக்கும் அது பாடம்தான். ராயப்பன் அண்ணன் முதலில் முக்கி முனகினார். 'அவே ஃப்ரம்' என்ற இடம் வந்தால் நாக்கு சிக்கிக்கொள்ளும். பிறகு ஒரு நாள் அதை மூச்சு விடும் இடம் பார்த்துப் பிரித்து, கோவில் பாட்டு மாதிரி அடிக்குரலில் இழுத்துப் பாடிக்கொண்டே வந்தார். அதற்கப்புறம் சிக்கவில்லை. கேன்டீன் நடத்திய மலாய்க்கார அக்கா, கக் ரொஹானிக்கும் அது தொற்றிக்கொண்டது. மேசைமேல் சுற்றும் ஃபேனைக் காட்டி, "பிளீஸ் டேக் பவர் அவே ஃப்ரம் மை ஃபேன்!" என்பார். யாராவது எழுந்துபோய் நிறுத்துவார்கள். நிறுத்தியவரை, திருப்பிச் சொல்லவில்லை என்று திட்டுவார்.

மற்ற லைன்காரர்களும் கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். போர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள், பாய்லர்காரர்கள். "லிஃப்ட் அப்" என்றால் எதை, எவ்வளவு? "மூவ் பேக்" என்றால் யாருக்குப் பின்னால்? ஒவ்வொருவரும் அவரவர் வேலையில் கண்ணுக்குத் தெரியாமல் கிடந்த ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு வந்தார்கள். தப்பாகப் பேசுகிறோம் என்று அதுவரை வெட்கப்பட்டவர்கள், எங்கே தப்பாகக் கேட்கப்படும் என்று யோசிக்கப் பழகினார்கள். இரண்டுக்கும் ரொம்ப தூரம், தம்பிகளே. நான் வேலை பார்த்த இடங்களிலேயே எனக்குப் பெருமையான காட்சி எது என்று கேட்டால், அந்தக் கேன்டீன் மேசைகளைத்தான் சொல்வேன்.

வாங்க வந்தவர்கள் மறுபடி வந்தார்கள். அன்றைக்கு லைன் முழுசாக ஓட வேண்டும். மேனேஜர் அவர்களைச் சுவிட்ச் ரூமுக்கே அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அந்தச் சின்ன அறையில் நல்ல சட்டை போட்டவர்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். மார்ட்டின் மீட்டர் முன்னால். நான் பிரேக்கர் முன்னால்.

ராயப்பன் அண்ணன் மாடியில் வேலையை முடித்துவிட்டு இறங்கி வந்தார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நாலாம் நம்பரில் தொங்கிய தன் பூட்டைத் தானே திறந்து எடுத்துக்கொண்டார். யாரையும் பார்க்கவில்லை. என்னிடம் மட்டும், "மேல போயிட்டுக் கூப்பிடுறேன்," என்றுவிட்டு ஏறிப் போனார். வந்தவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். மேனேஜர் அவர்களிடம் ஆங்கிலத்தில், "அவர் பேசும்வரை நாங்கள் தொட மாட்டோம்," என்றார். அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது.

ரேடியோ கரகரத்தது. தடுமாறிவிடுவாரோ?

"திஸ் இஸ் ராயப்பன், அட் பிளோவர் நம்பர் ஃபோர்." குரல் அறையை நிறைத்தது. நின்று, மூச்சு எடுத்து, அடுத்தது. "தி பெல்ட் கவர் இஸ் ஆன். நோ ஒன் இஸ் நியர் தி பிளோவர். மை ஹேண்ட்ஸ் ஆர் வித் மீ."

கடைசி வாக்கியம் எங்கள் பாடத்தில் இல்லாதது. மார்ட்டின் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பிளீஸ் கிவ் பவர் டு நம்பர் ஃபோர்."

நான் பட்டனை அழுத்தினேன். "ராயப்பன், ஐ வில் கிவ் பவர் டு நம்பர் ஃபோர்."

"எஸ், விமலா. கிவ் பவர்."

பிரேக்கரை குளோஸ் செய்தேன். மேலே பிளோவர் முனகி, வேகம் எடுத்து, ஒரே சீராக இரையத் தொடங்கியது. உதறல் இல்லை. மார்ட்டின் மீட்டரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். வந்தவர்களில் ஒரு பெண்மணி, ரேடியோவில் பேசியது யார் என்று மேனேஜரிடம் கேட்டார். "எங்கள் சீனியர் ஃபிட்டர்," என்றார் மேனேஜர், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

ரேடியோ இன்னும் திறந்தே இருந்தது. பிளோவர் இரைச்சல் அதன் வழியாக அறைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. திடீரென்று இரைச்சல் பாதியாக அடங்கியது. எல்லோரும் ஒரு கணம் விறைத்தோம்.

"விமலா," என்றார் ராயப்பன் அண்ணன், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு சொல்லாக. "ஐ ஹேவ் குளோஸ்ட் தி டோர்."